நாகமுத்துவும் நாலு வீட்டுக் கள்ளுப் பயணமும்

மாத்தளை பஸாரில் கொக்கோவும் மிளகும் வாங்கி விற்கிற கடைகளில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள் அந்தக் காலத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் நாகமுத்து. மூட்டை தூக்குவதில் அவன் ஒன்றும் பெரிய வீரனில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற வழியில் எந்த வீட்டுக் கித்துள் பனை இந்த மாதம் பாளை விட்டிருக்கிறது, எந்த வீட்டுக் கள்ளு முட்டி எத்தனை மணிக்கு இறங்கும், எவன் சுத்தமாக இறக்குகிறான், எவன் ஓடைத் தண்ணீரைச் சேர்க்கிறான் என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில் இருந்தது.

தவறணைக் கடைக் கள்ளு வேறு, கித்துள் கள்ளு வேறு. தவறணைக்கு வருவது பீப்பாயில் குலுங்கி, வெயிலில் காய்ந்து, நாலு கை மாறி வருகிற சரக்கு. கித்துள் மலைக்கு மேலே, மரத்தடியில், இறக்கின சூட்டோடு குடிக்க வேண்டியது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்காரர்களும் கந்தோர் உத்தியோகக்காரர்களும் காரைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். போகிறவர்கள் முதலில் தேடுவது நாகமுத்துவைத்தான். எந்த வீட்டுக்கு முதலில் போவது, எதற்குப் பிறகு எது, எங்கே காரை நிறுத்திவிட்டு நடப்பது என்று அவன்தான் வகுத்துக் கொடுப்பான். அதற்காக ஒரு சதம் வாங்கியதில்லை. போகிற இடத்தில் நாலு சிரட்டை குடித்தால் அவனுக்குப் போதும்.

அவனுடைய பயணத்துக்குச் சில சட்டங்கள் இருந்தன. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லி அனுப்பக் கூடாது. சொன்னால் முட்டியில் தண்ணீர் ஏறும், அல்லது முந்தின நாள் மிச்சம் கலக்கும். சொல்லாமல் போய் முற்றத்தில் நிற்க வேண்டும். இருந்தால் தருவார்கள், இல்லாவிட்டால் இல்லை. மரத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது, கண்ணூறு படும். கள்ளு நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுப் புகழக் கூடாது, புகழ்ந்தால் பாளை வற்றும். கூட்டிக்கொண்டு போனவன்தான் முதல் சிரட்டை குடிக்க வேண்டும். சரக்கில் குற்றமில்லை என்று விருந்தாளிக்குக் காட்டுவதற்காக. போதும் என்றால் வாயால் சொல்லத் தேவையில்லை, சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் சரி. காசைக் கையில் கொடுக்கக் கூடாது, போகும்போது கவிழ்த்த சிரட்டைக்கு அடியில் வைத்துவிட்டு வரவேண்டும்.

கடைசிச் சட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. பாணி காய்ச்ச இனிப்பாக இறக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். புளிக்கவிட்டுக் கள்ளாக விற்றால் லைசன் வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸைஸ்காரன் முட்டியை உடைத்து ஆளையும் பிடித்துக்கொண்டு போவான். அதனால் மலையில் யாரும் கள்ளு விற்பதில்லை. வந்தவருக்கு உபசாரம் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நாகமுத்துவை இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவனை மட்டுமா. சுதந்திரம் வந்த கையோடு, இந்திய வம்சம் என்று தோட்டத்துச் சனம் முழுவதையும்தான் சொன்னார்கள். இங்கே பிறந்து, இங்கே கல்யாணம் முடித்து, இங்கேயே பிள்ளைகளைப் புதைத்தவனும் விண்ணப்பம் போட்டு, நான் இங்கேதான் இருந்தேன் என்று ருசுப்படுத்த வேண்டுமாம். முப்பத்தொன்பதாம் ஆண்டு தொடக்கம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்தவன் என்று காட்ட வேண்டும். நாகமுத்துவும் தன் பேரில், மனைவி பேச்சியம்மா, மூன்று பிள்ளைகள் பேரையும் சேர்த்துப் போட்டான். போட்டு நாலு வருஷம் சத்தமே இல்லை. ஐம்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம் அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. மாசி மாதம் இத்தனாம் தேதி விசாரணை, அத்தாட்சிகளோடு வரவும்.

அத்தாட்சிக்கு எங்கே போவது? நாற்பத்தேழில் பட்டணத்துக்கு இறங்கும்வரை அவன் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவன். அந்தத் தோட்டத்துக்குப் போய்க் கேட்டால், பேர் பதிகிற பழைய செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது என்று புதுக் கிளாக்கர் கையை விரித்தான். கறையான் தின்றதற்கும் நாகமுத்துதான் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. மிஞ்சியது ஒரே ஒரு ஆள். பதினைந்து வருஷம் அந்த செக்ரோலில் அவன் பேரைத் தன் கையால் எழுதிய பெரிய கிளாக்கர் இராமையா.

இராமையா அப்போது வேலையை விட்டு, கொங்காவலையில் வீடு கட்டிக்கொண்டு பெரிய மனிதராக இருந்தார். நாகமுத்து போய் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னான். அவர் மறுக்கவில்லை. இவன் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என் தோட்டத்தில் வேலை செய்தான், எனக்கு நேரில் தெரியும் என்று ஒரு கடிதம் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஐந்து நிமிஷ வேலையை ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்தால் பெரிய மனிதத்தனம் எங்கே போவது? அடுத்த வாரம் கொழும்பிலிருந்து மருமகன் வருகிறார், அவரை ஒரு கித்துள் பயணம் கூட்டிப்போக வேண்டும், அதை நல்லபடியாக வகுத்துக் கொடு, பிறகு கடிதத்தைப் பார்ப்போம் என்றார்.

மருமகன் சீமையில் படித்துவிட்டு வந்தவர். படிக்கப் போன இடத்தில் பிரான்ஸ் தேசத்துக்கும் போய்வந்திருக்கிறார். வந்த அன்றைக்கே நாகமுத்துவை வரவழைத்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அந்தக் கதையைச் சொன்னார். அங்கே ஊர் ஊராகத் திராட்சைத் தோட்டமாம். ஒவ்வொரு தோட்டத்திலும் வைன் வடிக்கிற வீடு இருக்குமாம். யாருக்கும் சொல்லத் தேவையில்லை, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகலாம். ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள். அதைச் சுழற்றி, மோந்து, வாயில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு வாளியில் துப்பிவிட வேண்டும். பிறகு புத்தகத்தில் மார்க் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஒரு காலையில் பத்து வீடு பார்த்தவராம் அவர்.

பக்கத்தில் நின்ற இத்ரூஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இத்ரூஸ் ஹயர் கார்க்காரன், நாகமுத்துவின் கூட்டாளி. எத்தனையோ பேரைக் கள்ளுக் குடிக்க ஏற்றிப் போயிருக்கிறானே தவிர, அதை நாக்கில் தொட்டதில்லை. வெளியே வந்ததும் கேட்டான்.

"துப்புறதுக்கு என்னத்துக்கு மச்சான் பிரான்ஸுக்குப் போகணும்? எனக்குத்தான் அது ஹறாம், நான் துப்பினாலும் ஞாயம் இரிக்கி. இவருக்கு என்ன கேடு?"

நாகமுத்துவும் சிரித்தான். வெள்ளைக்காரன் நாட்டில் என்ன வேண்டுமானாலும் செய்வான், நமக்கென்ன என்று விட்டுவிட்டான். அங்கேதான் அவன் தவறினான்.

அடுத்த நாலு நாளும் பயணத்தை வகுப்பதிலேயே போனது. மருமகனுக்கு ஆறு வீடு வேண்டுமாம். வயிறு ஒன்றுதானே ஐயா, ஆறு வீட்டுக் கள்ளு ஒரு வயிற்றில் சண்டை போடும் என்று நாகமுத்து சொல்லிப் பார்த்தான். இழுபறிப்பட்டு நாலு வீட்டில் வந்து நின்றது. இராமையா பழைய பழக்கத்தில் பெரிய காகிதம் எடுத்துக் கோடு போட்டு, ஆறரைக்கு முதல் வீடு, ஏழே காலுக்கு இரண்டாம் வீடு என்று தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்து மணிக்கணக்கில் எழுதினார். நிறம், மணம், இனிப்பு, புளிப்பு என்று மருமகன் தன் பங்குக்குக் கட்டம் போட்டார். வீட்டுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பி, முற்றம் கூட்டி, நாற்காலி போடச் சொல் என்றார் இராமையா. அந்த ஒன்றுக்கு மட்டும் நாகமுத்து இணங்கவில்லை. சொன்னால் சரக்குக் கெடும் என்று பிடிவாதமாக நின்றான். மருமகனும், ஆமாம் மாமா, சொல்லாமல் போவதுதான் முறை, பிரான்ஸிலும் அப்படித்தான் என்றதால் தப்பினான்.

முதலில் பாலத்தடி வீடு. அது இளசு, நாக்குப் பழகுவதற்கு. பிறகு வளைவுக்கு மேலே இரண்டு வீடு. கடைசியில் கிரிபண்டா வீடு. கிரிபண்டாவின் முட்டிக்குப் பிறகு வேறு எதைக் குடித்தாலும் தண்ணீர்தான் என்பதால், எந்தப் பயணத்தையும் நாகமுத்து அங்கேதான் முடிப்பான்.

சட்டங்களை எல்லாம் மருமகனிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அண்ணாந்து பார்க்கக் கூடாது, புகழக் கூடாது, சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும். அவர் தலையாட்டிக்கொண்டு அதையும் புத்தகத்தில் எழுதினார். துப்பக் கூடாது என்று மட்டும் இவன் சொல்லவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்ததை அவர்கள் முன்னாலேயே துப்பக் கூடாது என்று வளர்ந்த மனிதனுக்கு யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? செருப்பைத் தலையில் மாட்டாதே என்று சொல்லிக் கொடுக்கிறோமா?

ஞாயிறு விடியப்புறம் புறப்பட்டார்கள். பாலத்தடி வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரன் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தான். இராமையாவுக்கு அங்கேயே முகம் கறுத்துவிட்டது. சொல்லி அனுப்பியிருந்தால் இந்த அலைச்சல் உண்டா என்று வழி முழுக்க முணுமுணுத்தார். மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கிற இரண்டு வீடும் வேண்டாம், எது நல்ல இடமோ அங்கே நேராகப் போ என்றார். காரை ரோட்டில் நிறுத்திவிட்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு, கால் மைல் ஏறினார்கள். இத்ரூஸும் கூட வந்து வேலியோரம் நின்றுகொண்டான்.

கிரிபண்டா அப்போதுதான் மரத்தால் இறங்கியிருந்தார். ஐம்பது வயது, கறுவல், அதிகம் பேசாத மனிதர். இடுப்பில் கத்தி, தோளில் முட்டி. ஆட்களைப் பார்த்ததும் தலையை அசைத்துவிட்டு, பலகையைத் துடைத்துப் போட்டார். சுட்ட கருவாடு கொண்டுவரும்படி உள்ளே மனைவிக்குச் சொன்னார். முதல் சிரட்டையை ஊற்றி நாகமுத்துவிடம் நீட்டினார்.

"இவனுக்கா முதல்ல?" என்றார் இராமையா.

வழமை அதுதான் என்று நாகமுத்து மெல்லச் சொல்லிவிட்டுக் குடித்தான். தன் செக்ரோலில் பேர் இருந்தவன் தனக்கு முன்னால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அட்டை கடித்த மாதிரி இருந்தது. ஆனால் இரண்டாவது சிரட்டை கைக்கு வந்ததும் மடக்கென்று குடித்தார். குற்றம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது சிரட்டை மருமகனுக்கு. அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து அதில் ஊற்றச் சொன்னார். கிரிபண்டா ஊற்றினார். மருமகன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டு மோந்தார். ஒரு வாய் எடுத்து, கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். பிறகு திரும்பி, கழுவிக் கவிழ்த்திருந்த முட்டிகளுக்குப் பக்கத்தில், புளிச்சென்று துப்பினார். துப்பிவிட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

கருவாட்டோடு வந்த கிரிபண்டாவின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கிரிபண்டா நாகமுத்துவைப் பார்த்தார். தம்பி முறை வைத்து, சிங்களத்தில், தாழ்ந்த குரலில் கேட்டார். "என்ன மல்லி, பூச்சி ஏதும் கெடந்துச்சா?"

கிரிபண்டா தானே ஒரு சிரட்டை ஊற்றி மோந்து பார்த்தார். குடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார். அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு முட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய், முழுவதையும் தரையில் ஊற்றிவிட்டார். அன்றைக்குக் காலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி இறக்கியது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

"வாயில வச்ச மனுசன் துப்பினா அது நஞ்சு. நஞ்ச நான் இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டேன்."

மருமகனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒன்றும் புரியவில்லை. சீமைப் படிப்பு அப்படி. அட, நல்லாத்தானே இருந்தது, பத்துக்கு ஆறு போட்டிருக்கிறேன், ஏன் ஊற்றினார், அடுத்த முட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். இராமையா இரண்டு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். கிரிபண்டா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெறும் முட்டியைக் கழுவத் தொடங்கினார்.

"ஐயா, காச உள்ள வைங்க" என்றான் நாகமுத்து. "தம்பிய ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. தெரியாமச் செஞ்சிட்டேன்னு."

"யாருகிட்ட? ஒரு மரமேறிகிட்ட என் மருமகன் மன்னிப்புக் கேக்கணுமா?"

"அவரு வீடுங்க இது. நான் கூட்டியாந்தேன். நான் கேட்டாப் பத்தாது."

"நாகமுத்து, உனக்கு ஒரு கடிதம் வேணும்னு சொன்ன ஞாபகம்."

எல்லோரும் கேட்கத்தான் சொன்னார். நாகமுத்துவுக்குக் காது சூடேறியது. மனைவி, பிள்ளைகள், கச்சேரித் தேதி எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. வந்தும் அவன் எழுந்து, தன் சிரட்டையைப் பலகையில் கவிழ்த்து வைத்தான்.

"இத்ரூஸு கொண்டுபோய் விடுவான். நீங்க போங்க ஐயா. நான் நடந்து வாறேன்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். அவன் வெகுநேரம் அங்கேயே இருந்தான். கிரிபண்டா அவனோடும் பேசவில்லை. ஆனால் அவனை எழுந்து போகச் சொல்லவும் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு ரத்தோட்டைவரை நடந்து வந்து பஸ் ஏறினான்.

வீட்டில் பேச்சியம்மா விஷயத்தை முழுசாகக் கேட்டாள். பிறகுதான் பிடித்தாள். "எவனோ ஒருத்தன் துப்பினதுக்கு நீங்க நாட்டத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. நாளைக்கி எங்களக் கப்பல்ல ஏத்தினா எந்த ஊருல எறங்குறது? அந்த ஊரு பேராவது தெரியுமா ஒங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது. அப்பனுடைய ஊர் மதுரைப் பக்கம் என்பதோடு சரி. அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை இல்லாததுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதற்குள் கதை பஸார் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது இத்ரூஸ்தான். கடைக்குக் கடை போய், துப்பிய விதத்தைச் செய்தே காட்டினான். சீமைக்குப் போய்த் துப்பப் படித்து வந்தவர் என்று மருமகனுக்குப் பேர் வைத்தார்கள். சாயக்கடையில் தேநீர்க் கிளாசைச் சுழற்றி மோந்து பார்த்துவிட்டுப் பத்துக்கு எத்தனை என்று கேட்பது விளையாட்டானது. இராமையாவுக்குத் தெருவில் இறங்க முடியவில்லை.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கையில் அவர் ஆள் விட்டார். கடிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது, வந்து பார் என்று. நாகமுத்து போனான். ரோஷத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, மூன்று பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் போனான். காலில் விழச் சொன்னால் விழுந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தான்.

இராமையா கடிதத்தைக் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் வெறுமையாக இருந்தது. காலில் விழ வேண்டாம் என்றார். ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். பஸாரில் நாலு பெரிய கடைகளுக்குத் தன்னோடு வந்து, அன்றைக்குக் கள்ளு கெட்டுப்போயிருந்தது, அதனால்தான் தம்பி துப்பினார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நாகமுத்து அந்தக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

"நான் தப்புன்னு சொல்லச் சொல்லுங்க, சொல்றேன். வகுக்கத் தெரியாம வகுத்தேன்னு சொல்றேன். கள்ளு கெட்டதுன்னு எப்படிங்க சொல்றது? முதல் செரட்டை குடிச்சவன் நான். ரெண்டாவது நீங்க."

"கெட்டதுன்னு சொன்னா அவன் மரம் சாஞ்சிடுமா?"

"எவனும் அந்தப் பக்கம் போக மாட்டான். அவரு தொழிலு சாஞ்சிடும்."

கடிதம் மேசை லாச்சிக்குள் போனது. இவன் வெளியே வந்தான். படி இறங்கும்போதுதான் அவனுக்குக் கோபம் முழுசாக வந்தது. பதினைந்து வருஷம் தன் பேரை எழுதிய கை அது. உண்மையைத்தான் எழுதப் போகிறது. ஒரு உண்மையை எழுதுவதற்கு விலையாக ஒரு பொய்யைக் கேட்கிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பேச்சியம்மாவிடம் நடந்ததைச் சொன்னான். ஏசுவாள் என்று பார்த்தால் அவள் ஏசவில்லை. மறுநாள் தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று காலையிலேயே பஸ் ஏறினாள். சாயந்திரம் சேலையில் அட்டைக் கடி ரத்தத்தோடு வந்தாள். தாய்வீடு இருக்கிற பலாபத்வலயில் அட்டை ஏது என்று அவன் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

விசாரணைக்குப் போன அன்று கச்சேரி விறாந்தையில் ஐம்பது அறுபது சனம் குந்தியிருந்தது. எல்லோர் கையிலும் பழைய காகிதக் கட்டு. பிறப்புத் துண்டு, தோட்டத்துத் துண்டு, செத்துப்போனவர்களின் துண்டு. நாகமுத்து கையில் விண்ணப்ப நகல் மட்டும். அவன் பேரைக் கூப்பிட்டபோது, வெள்ளைச் சாரமும் சட்டையும் போட்டுக்கொண்டு, மூலையில் தூணோடு தூணாக நின்ற கிரிபண்டாவும் கூடவே உள்ளே வந்தார். இத்ரூஸ்தான் கார் விட்டுக் கூட்டி வந்திருந்தான். பேச்சியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட சிங்கள மனிதர். காலையிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்தவர். செக்ரோல் எங்கே, தோட்டத்துக் கடிதம் எங்கே என்றார். இல்லை என்றான். பிறகு கிரிபண்டாவைப் பார்த்து, நீ யார், இவனுக்கு என்ன முறை என்று கேட்டார். முறை ஒன்றும் இல்லை, என் வீட்டுக்கு வருகிற மனுசன் என்றார் கிரிபண்டா. எப்போதிருந்து என்று கேட்டதற்கு, என் மூத்த மகள் பிறந்த மாதம் முதல் தடவை வந்தான், அவள் பிறப்புத் துண்டு இதோ, முப்பத்தெட்டாம் ஆண்டு என்று மடியிலிருந்து எடுத்து வைத்தார். அன்றிலிருந்து இவன் வராத மாதம் இல்லை, தோட்டத்தில் இருந்தபோதும் வந்தான், பட்டணத்துக்குப் போன பிறகும் வருகிறான் என்றார்.

அதிகாரி துண்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். மாதம் தவறாமல் எதற்கு வந்தான் என்று கேட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பது சர்க்கார். கருப்பட்டி வாங்க வந்தான் என்று சொன்னால் போதும். சொல்லிவிடு அண்ணே என்று நாகமுத்து கண்ணால் கெஞ்சினான்.

"கள்ளுக் குடிக்க" என்றார் கிரிபண்டா.

எழுதிக்கொண்டிருந்த கிளாக்கரின் கை நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இனிப்பா, புளிச்சதா?"

"புளிச்சது. இனிப்பு சின்னப் புள்ளைங்களுக்கு."

பிறகு அதிகாரி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நான் விசாரிக்க வந்தது ஆளைப் பத்தி. முட்டியைப் பத்தி இல்ல" என்றார். அயலில் வாழும் சாட்சி, பதினேழு வருஷப் பழக்கம் என்று எழுதச் சொன்னார். கிரிபண்டாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரலில் மை தடவி வைக்கச் சொன்னார்கள். முப்பது வருஷமாக மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறிய விரல், ரேகை தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. முதல் தடவை வெறும் கறுப்புப் புள்ளிதான் விழுந்தது. மூன்றாம் தடவைதான் ஏதோ இரண்டு கோடு தெரிந்தது.

வெளியே வந்ததும் நாகமுத்து அவரோடு சண்டைக்கே போய்விட்டான். கள்ளு என்று ஏன் சொன்னீர்கள், அந்த மனிதன் வேறு மாதிரியாக இருந்திருந்தால் உங்களையும் சேர்த்து உள்ளே தள்ளியிருப்பான், கருப்பட்டி என்றால் வாய் வெந்துவிடுமா என்று விறாந்தையில் நின்று ஏசினான்.

"நீ என் கள்ளு கெட்டதுன்னு சொல்லலையாமே" என்றார் கிரிபண்டா. "பொறகு நான் எதுக்கு அதக் கருப்பட்டின்னு சொல்லணும்?"

பதினாலு மாதம் கழித்துப் பிரஜாவுரிமைக் கடுதாசி வந்தது. பேச்சியம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். நாகமுத்துவுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம் வரவில்லை. நான் இருந்ததை நானே சொன்னால் செல்லாதாம், இன்னொருத்தன் சொன்னால்தான் செல்லுமாம், இதென்ன சட்டம் என்று கேட்டான். அவன் சாகும்வரை அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் யாருக்கும் பயணம் வகுத்துக் கொடுக்கவும் இல்லை. போனால் தனியாகப் போனான்.

இராமையா சும்மா இருந்தாரா? நாகமுத்துவுக்குக் கடுதாசி கிடைத்தது என்று கேள்விப்பட்டதும், நான் கொடுத்த கடிதத்தால்தான் கிடைத்தது, நம் சனத்துக்கு நாம்தானே செய்ய வேண்டும் என்று கோயில் கமிட்டிக் கூட்டத்திலேயே பேசினார். அந்த வருஷம் அவரைத் தலைவராகவும் போட்டார்கள். அவர் பேசியதை யாரோ சாயக்கடையில் நாகமுத்துவிடம் வந்து சொல்லி, அப்படியா அண்ணே, அவர்தான் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டார்கள். நாகமுத்து சாயத்தைக் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தான்.

"கச்சேரியில போய்ப் பாருங்கடா" என்றான். "என் பைல்ல கையெழுத்தே இல்ல. பெருவிரலுதான் இருக்கு."